இருபத்தொரு கிலோ

மெஹருன்னிசா வீட்டுப் பூவரச மரத்தில் தராசு தொங்கினால் ஏர்வாடியில் அந்தத் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். சவூதியிலிருந்து மகன் வசீம் வந்துவிட்டான். அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு பழக்கம். முன்னாளில் கப்பலேறிப் போனவர்களுக்கும் சரி, இன்று விமானமேறிப் போகிறவர்களுக்கும் சரி, நல்லபடியாகத் திரும்பி வந்தால் எடைக்கு எடை அரிசி நிறுத்து, அதை நெய்ச்சோறாக ஆக்கி, தர்காவுக்கு வந்து தங்கியிருக்கிற ஏழை எளியவர்களுக்கு நேர்ச்சையாகப் போடுவார்கள். நிறுக்கிற இடத்திலும் ஆக்குகிற இடத்திலும் வீட்டார் செருப்புப் போடக் கூடாது. மெஹருன்னிசா இதில் மட்டும் யாருக்கும் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வசீம் பளபளவென்ற ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத் தராசுப் பலகையில் ஏறி உட்கார்ந்தான். மறுபலகையில் சீரகச் சம்பா மூட்டைகளை அடுக்கினார்கள். முள் நேராக நின்றபோது அரிசி அறுபத்திரண்டு கிலோ. கூடியிருந்தவர்கள் கைதட்டாத குறைதான். இரண்டு வருஷத்துக்கு முன் இதே பலகையில் அவன் எண்பத்து மூன்று கிலோ இருந்தான். தொப்பையும் தொந்தியுமாகப் போனவன் ஒட்டிய வயிறும் எடுப்பான தாடையுமாகத் திரும்பி வந்திருக்கிறான். முப்பத்தெட்டு வயது என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாம் போல் இருக்கிறான் என்று யாரோ சொல்ல, அவன் மனைவி அம்ரீன் வெட்கமும் பெருமையுமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தக் கூட்டத்தில் கணக்குப் புரியாமல் நின்றவர் ஒரே ஒருவர்தான். அம்ரீன் காக்கா என்று கூப்பிடுகிற மூத்த அண்ணன் வாவு முகம்மது. அவர்தான் நேர்ச்சைச் சோறு ஆக்கப்போகிற பண்டாரி. ஐம்பத்திரண்டு வயது, நூற்றுப் பதினெட்டுக் கிலோ. ஏர்வாடியிலிருந்து சாயல்குடி வரைக்கும் எந்தக் கல்யாணப் பந்தலில் பிரியாணிச் சட்டி ஏறினாலும் அவர் கரண்டிதான் இறங்கும். ஒரு விஷயம் புரியவில்லை என்றால் அவருக்குச் சோறு இறங்காது என்று எழுதலாம்தான். ஆனால் சோறு இறங்காத நாள் என்று ஒன்று அவர் வாழ்க்கையில் இருந்ததில்லை.

எண்பத்து மூன்று கிலோவுக்குச் சோறு ஆக்கியதும் அவர்தான். மூன்று பெரிய தேக்சாச் சட்டி நிறைய ஆக்கினார். இப்போது அறுபத்திரண்டு என்றால் இரண்டு போதும். மீதி இருபத்தொரு கிலோ எங்கே போனது? அவர் தொழிலில் எதுவும் காணாமல் போவதில்லை. பத்துக் கிலோ கறி வெந்தால் ஏழு கிலோ ஆகும். ஆனால் குறைந்த மூன்று கிலோவும் சாறாகவும் கொழுப்பாகவும் அதே சட்டிக்குள்தான் கிடக்கும். கரண்டியை விட்டுத் துழாவினால் கைக்குத் தட்டுப்படும். மனுஷ உடம்பிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டி எடை போயிருக்கிறதே, அதைப் போக்கியது யார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசையாக இருந்தது.

ஆசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் அப்பாவும் பண்டாரிதான். ஐம்பத்து நாலாவது வயதில் ஒரு கல்யாண வீட்டில் அடுப்புப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த வயதுக்கு வாவுவுக்கு இன்னும் இரண்டே வருஷம். மனைவி காலிதா தினமும் கெஞ்சியும் அவர் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்த்ததில்லை. பார்த்தால்தானே வியாதி, பாராதவரைக்கும் வெறும் உடம்பு என்று ஒரு நியாயம் வைத்திருந்தார். இப்படிப்பட்டவருக்கு, பக்கத்து வீட்டிலேயே ஒருத்தன் இருபத்தொரு கிலோவை உதறிவிட்டு நிற்கிறான் என்றால் வழி கேட்கத் தோன்றாதா?

கேட்டார். வசீம் முதலில் நடைப்பயிற்சி என்றான். தினமும் எத்தனை மைல் என்று விடாமல் கேட்டபோது, டமாமில் அந்த வெயிலில் எங்கே நடப்பது, ராத்திரிச் சோற்றைக் குறைத்தேன் என்றான். எவ்வளவு குறைத்தீர்கள் என்று கேட்டதற்கு, அதெல்லாம் அளந்து பார்க்கவில்லை மச்சான், அல்லாஹ் கொடுத்தது என்று முடித்துவிட்டான். மூன்று பதில்களும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எந்தச் சமையலையும் கைப்பக்குவம் தெரியாமல் சொல்கிறவன் அதை ஆக்கியவனாக இருக்க மாட்டான் என்பது வாவுவுக்குத் தெரியும்.

ஆனால் வசீம் பதில் சொல்வதோடு நிற்கவில்லை. மெலிந்தவர்களுக்கே உரிய அந்த உபதேச புத்தி அவனுக்கும் வந்திருந்தது. மச்சானின் வயிற்றை எல்லார் முன்னாலும் தட்டிப் பார்த்து, உள்ளே சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் மூன்றும் குடியிருப்பதாகவும் வாடகை மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை என்றும் சொன்னான். சிரித்தார்கள். காலிதா மட்டும் சிரிக்காமல் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாவுவும் சிரித்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் வீட்டுக் கொல்லையில் இரண்டு தேக்சா ஏறின. சீமைக் கருவேல விறகு சடசடவென்று எரிந்தது. அரிசி முக்கால் பதம் வெந்ததும் கீழே தீயைக் குறைத்து, மூடியை மாவு வைத்து ஒட்டி, மூடியின் மேல் கங்கை அள்ளிப் பரப்பித் தம் போட்டார் வாவு. முறைப்படி அவரும் வெறுங்காலோடுதான் நின்றார். வசீம் பக்கத்தில் வந்து நின்று, சோறு சாப்பிடுகிறவர்கள் எப்படிச் சாக வேண்டியிருக்கிறது என்பது பற்றி விளக்க ஆரம்பித்தான். வாவு காதை அவனிடம் கொடுத்துவிட்டு நாக்கைப் பக்கத்து அடுப்பில் கொதித்த தாளிச்சாக் குழம்பிடம் கொடுத்தார். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதா என்று இரண்டு முறை உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார்.

அப்போதுதான் அந்தக் கருகல் வாடை வந்தது.

அடிப்பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். முப்பது வருஷத்தில் அவர் கையில் அடிப்பிடித்த சோறு கிடையாது. பதறிப்போய் தேக்சாவின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டார், மூக்கை வைத்து மோந்தார். உள்ளேயிருந்து நெய்யும் பட்டையும்தான் மணத்தன. இரண்டாவதிலும் அப்படித்தான். வாடையோ அதிகமாகிக்கொண்டே போனது. அது சோற்று வாடை இல்லை. குனிந்து பார்த்தார். மூடியிலிருந்து உருண்டு விழுந்த கங்கு ஒன்று தரையில் கிடந்தது. அதன் மேல் வசீமின் வலது குதிகால் இருந்தது. அவன் சோற்றின் தீமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

வாவு அவனை ஒரே இழுப்பில் இழுத்தார். என்ன மச்சான் என்று அவன் திகைத்தான். காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார். எலுமிச்சம்பழ அளவுக்குத் தோல் வெளுத்துச் சுருண்டிருந்தது. பார்த்தவர்கள் ஐயோ என்றார்கள், வசீம் சொல்லவில்லை. பாலைவனத்தில் நடந்து நடந்து கால் உரமேறிப் போய்விட்டது என்று சிரித்தான். மகன் இரும்பாக வந்திருக்கிறான் என்று மெஹருன்னிசா திருஷ்டி கழிப்பதுபோல் அவன் கன்னத்தைத் தடவினார். அம்ரீன் களிம்பு தடவித் துணி சுற்றினாள். காரியம் அத்தோடு முடிந்தது.

வாவுவுக்கு முடியவில்லை. முப்பது வருஷமாக நெருப்போடு குடித்தனம் நடத்துகிறவர் அவர். கையிலும் காலிலும் தழும்பு இல்லாத இடம் குறைவு. இருந்தும் இன்றைக்கு ஒரு பொறி தெறித்தாலும் உடம்பு துள்ளத்தான் செய்கிறது. நெருப்பு யாருக்கும் பழகுவதில்லை. இரண்டு வருஷம் டமாமில் நடந்தவனுக்கு மட்டும் எப்படிப் பழகியது?

தர்காவில் ஏழைகளுக்குப் போட்டு முடித்த பிறகு வீட்டு ஆண்களுக்குச் சகன் வைத்தார்கள். ஒரே பெரிய தாம்பாளம், சுற்றி நாலு பேர் உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து அள்ளிச் சாப்பிட வேண்டும். யார் எவ்வளவு தின்றார்கள் என்று யாரும் யாரையும் கேட்க முடியாத ஏற்பாடு அது. ஆனால் ஆக்கியவன் கண்ணுக்குத் தப்பாது. வாவு வேண்டுமென்றே வசீமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உபதேசமெல்லாம் வாயோடு சரி. வசீம் பக்கத்துச் சோறு இரண்டு தடவை தீர்ந்து இரண்டு தடவை விழுந்தது. வாவு தன் பங்கில் பாதியைத்தான் தொட்டிருந்தார். தண்ணீர் ஜக்கு அவன் பக்கமே இருந்தது. ஐந்து தம்ளர் வரை எண்ணினார், அதற்குப் பிறகு விட்டுவிட்டார்.

சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததில் வசீமின் இடது உள்ளங்கால் வாவுவின் முழங்கால் ஓரமாக மல்லாந்து கிடந்தது. சோற்றில் ஒரு கிராம்பு அகப்பட்டது. அதை வெளியே எடுத்து வைக்கப்போனவருக்கு ஒரு யோசனை வந்தது. பக்கவாட்டில் கையை இறக்கி, கிராம்பின் கூரான காம்பை வசீமின் உள்ளங்காலில் வைத்து மெதுவாக அழுத்தினார். வசீம் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அவன் எதிரே இருந்தவனிடம் விமானம் புறப்படுகிற நேரத்தைச் சொன்னான். வாவு அதே கிராம்பை அதே அளவு பலத்தோடு தன் காலில் அழுத்திப் பார்த்தார். சுரீரென்றது.

சாயங்காலம் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, மாப்பிள்ளை ராத்திரியில் எப்படி, நன்றாகத் தூங்குகிறாரா என்று விசாரித்தார். நாலைந்து தடவை எழுந்து கொல்லைக்குப் போகிறார், தாகம் என்று செம்பு செம்பாகக் குடிக்கிறார், ஊர் மாறிய சூடுதான் என்றாள் அம்ரீன். உடம்பைக் குறைக்க அங்கே ஏதாவது செய்ததாகச் சொன்னாரா என்றதற்கு, தானாகவே இறங்கியதாகச் சொன்னார் என்றாள். தானாக இறங்குகிற எடை தனக்குப் பயமாக இருக்கிறது, ஒரு டாக்டரிடம் காட்டலாமே என்று வாவு சொன்னதுதான் தாமதம், அவள் முகம் மாறிவிட்டது.

"காக்கா, உங்க ஒடம்பு எறங்கலேங்கிறதுக்காக என் மாப்ளை மேல கண்ணு வைக்காதிய" என்றாள்.

கூடப் பிறந்தவள் வாயிலிருந்து அது வந்தது அவருக்கு உறைத்தது. வசீமிடம் நேராகவே சொல்லிப் பார்த்தார். அவன் சட்டையைத் தூக்கி ஒட்டிய வயிற்றைக் காட்டினான். இதில் எந்த வியாதி ஒளிந்திருக்கிறது என்று நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள் என்றான். இன்னும் பதினோரு நாளில் அவனுக்கு விமானம். போய்விட்டால் இரண்டு வருஷம். கங்கு சுட்டது தெரியாத காலோடு இரும்புக் கம்பியும் ஆணியும் கிடக்கிற கட்டட வேலை. இரண்டு பெண் குழந்தைகளோடு அம்ரீன் இங்கே தராசைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாவுவுக்கு அன்று ராத்திரி நிஜமாகவே சோறு இறங்கவில்லை. காலிதா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வழி புலப்பட்டது. அந்த வழி அவர் இத்தனை வருஷம் ஓடி ஒளிந்த இடத்துக்கே போனது என்பதுதான் சங்கடம். மனதைக் கல்லாக்கிக்கொண்டு வசீமிடம் போனார்.

"நீங்க சொன்னதுலேர்ந்து எனக்குப் பயமாத்தான் இருக்கு மாப்ளே. சாயல்குடில ஒரு லேப் இருக்காம். தனியாப் போக நெஞ்சு துடிக்குது. தொணைக்கு வாரீயளா?"

இதில் பொய் ஒன்றும் இல்லை. வசீமுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. மச்சானைத் திருத்திவிட்டோம் என்று வீடு வீடாகச் சொன்னான். காலிதா அவனுக்காகக் கையேந்தி து'ஆ செய்தாள். உள்ளூரில் காட்டாமல் சாயல்குடி ஏன் என்று கேட்டதற்கு, இங்கன பார்த்தால் அடுத்த கல்யாணத்துக்கு ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள் என்றார் வாவு. அதுவும் பொய்யில்லை.

திங்கட்கிழமை காலைப் பலகாரம் முடித்து, பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கீழே இரண்டு அறையில் லேப், மாடியில் டாக்டர். லேப்பில் சுகந்தி என்ற பெண் ஒருத்திதான் இருந்தாள். அன்றைக்கு நல்ல கூட்டம். நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல் குத்திக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தாள். வாவுவின் விரலைப் பிடித்தபோது அவர் அதைப் பின்னால் இழுப்பதைக் கண்டு, எறும்பு கடிக்கிற மாதிரிதான் பாய் என்றாள். ரத்தம் பட்ட பட்டையைச் சின்ன மெஷினில் சொருகினாள். வாவு மெஷினைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அவர் எதிர்பார்த்தபடியே வசீம் சும்மா இருக்க முடியாமல் விரலை நீட்டினான். நார்மல் என்றால் எவ்வளவு என்று மச்சான் தெரிந்துகொள்ளட்டும், எனக்கும் குத்துங்கள் என்றான். சுகந்தி குத்தினாள். இரண்டு துண்டுச் சீட்டில் எண்களைக் கிறுக்கினாள். தலையைத் தூக்கி இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். ஒரு சீட்டை வாவுவிடமும் இன்னொன்றை வசீமிடமும் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வாவுவின் சீட்டில் முந்நூற்று எண்பத்தாறு என்று இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்பா அடுப்புப் பக்கத்தில் கிடந்த கிடை கண்ணுக்கு வந்தது. கையில் கரண்டி இருந்ததும், அதை விரலிலிருந்து பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததும் வந்தது. இதற்காகத்தானே இத்தனை நாள் பார்க்காமல் இருந்தோம் என்று அழுகை முட்டியது. அந்தப் பயத்துக்கு நடுவிலேயே, வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், ஒரு நிம்மதியும் வந்தது. வியாதி தனக்குத்தான் என்றால் மாப்பிள்ளைக்கு இல்லை. அம்ரீன் தப்பித்தாள். வசீம் தன் நூற்றுப் பன்னிரண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் தோளில் கை போட்டான். கவலைப்படாதீர்கள், இனிமேல் நான் சொல்கிறபடி சாப்பிடுங்கள் என்று ஆறுதல் சொன்னான். அவன் குரலில் அன்பு இருந்தது. கொஞ்சம் வெற்றியும் இருந்தது.

ஆனால் வாவுவின் புத்தி ஒரு தினுசானது. அழும்போதும் அது ஒரு மூலையில் உட்கார்ந்து கிண்டிக்கொண்டிருக்கும். முந்நூற்று எண்பத்தாறு எனக்கு என்றால், தண்ணீரை ஜக்கு ஜக்காகக் குடிப்பது ஏன் அவன்? ராத்திரி எழுந்து போவது ஏன் அவன்? கிராம்பு எனக்கு ஏன் குத்தியது? எண் சரியாகத்தான் இருக்கும். அது வந்து உட்கார்ந்த இடம் சரிதானா? எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் போனார்.

"ஏம்மா, மொதல்ல குத்துனது என் விரல்லதானே. மொதல்ல வந்தது எந்த நம்பரு?"

சுகந்திக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. இருந்தாலும் மெஷினின் பொத்தானை அமுக்கிப் பழைய கணக்கைப் பார்த்தாள். அடுத்து வந்தவர்களின் எண்களைத் தாண்டிப் போனால், இவர்கள் இருவரில் பின்னால் வந்தது முந்நூற்று எண்பத்தாறு. அதற்கு முந்தியது நூற்றுப் பன்னிரண்டு. மறுபடியும் அமுக்கினாள். அவள் முகம் சிவந்தது. சீட்டில் பேர் எழுதாமல் விட்டதையும், ஆளைப் பார்த்து எண்ணைக் கொடுத்ததையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். வசீம் எழுந்து வந்துவிட்டான். மெஷின்தான் தப்பு என்றான். பெரிய நம்பர் பெரிய உடம்புக்குத்தானே, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே என்று கத்தினான். கூட்டமும் அவன் பக்கம்தான். வாவுவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவர்தானே சீக்காளி என்று ஒரு அம்மாள் வாய்விட்டே சொன்னாள்.

"தகராறு எதுக்கு மாப்ளே? இன்னொருக்கா குத்தச் சொல்வோம். இந்தத் தடவ நீங்க மொதல்ல" என்றார் வாவு.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, புதுப் பட்டை எடுத்து, எல்லார் கண் முன்னாலும் குத்தினாள் சுகந்தி. மெஷின் ஐந்து எண்ணுகிற நேரம் எடுத்துக்கொண்டது. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. அடுத்து வாவுவுக்கு நூற்றுப் பத்து. வசீம் தன் விரலில் ஊறிக்கொண்டிருந்த ரத்தப் பொட்டையே பார்த்தான். அது யாருடையதோ என்பதுபோல் பார்த்தான்.

வாவு தரையில் உட்கார்ந்து, இழுக்க இழுக்க மறுத்த அவன் வலது ஷூவைக் கழற்றினார். அம்ரீன் சுற்றிய துணி மஞ்சளாக நனைந்திருந்தது. குதிகால் அழுகத் தொடங்கியிருந்தது. மூன்று நாளாக அந்தக் காலால் அவன் தெருத்தெருவாக நடந்திருக்கிறான், நேற்று அதே காலோடு வீடு வீடாகப் போய் மச்சானைத் திருத்திய கதையைச் சொல்லியிருக்கிறான். சுகந்தி மற்றவர்களை நிறுத்திவைத்துவிட்டு இருவரையும் மாடிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் மாலதி புண்ணைச் சுத்தம் செய்துகொண்டே நிதானமாகப் பேசினார். எத்தனையோ வருஷமாகச் சர்க்கரை இருந்திருக்கிறது, கால் நரம்புகள் மரத்துப்போகும் வரைக்கும் தெரியவில்லை என்றார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பேச்சு குதிகாலைப் பற்றியதாக இருக்காது, முழங்காலைப் பற்றியதாக இருக்கும் என்றார். வாவு வியாழக்கிழமையிலிருந்து மனதில் கிடந்ததைக் கேட்டார். இருபத்தொரு கிலோ எங்கே போனது?

டாக்டர் அவரை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். சாப்பிட்டதை உடம்பு எடுத்துக்கொள்ள முடியாமல் போய்விட்டது. சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கி, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீரில் போயிருக்கிறது. பசி தீராத உடம்பு வேறு வழியில்லாமல் தன் கொழுப்பையும் சதையையும் தானே தின்றிருக்கிறது. வாவுவுக்குச் சட்டென்று விளங்கியது. வாசலில் விறகு வண்டி வண்டியாக வந்து இறங்குகிறது, அடுப்படிக் கதவு மட்டும் திறக்கவில்லை. அடுப்பு அணையக் கூடாதே என்று கூரைக் கம்பை உருவி எரித்திருக்கிறார்கள். வெளியே நின்று பார்த்தவர்கள் வீடு எவ்வளவு காற்றோட்டமாகிவிட்டது என்று பாராட்டியிருக்கிறார்கள். தானும் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளத்தானே ஆசைப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டர் அவரையும் விடவில்லை. பட்டையைக் கையில் சுற்றிப் பிரஷர் பார்த்தார். நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றாறு.

"நீங்க தப்பிச்சிட்டதா நெனைக்காதீங்க பாய். குண்டா இருந்தா நோய், ஒல்லியா இருந்தா ஆரோக்கியம்னு ஒடம்பு எழுதிக் குடுக்கல. அதே மாதிரி குண்டா இருந்தா பரவாயில்லைன்னும் எழுதிக் குடுக்கல" என்றார்.

உப்பைக் குறையுங்கள், இருபது கிலோவாவது இறக்குங்கள், ஆனால் அது நடந்து இறங்கட்டும், தானாக இறங்கினால் உடனே என்னிடம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். வாவு தலையாட்டினார். இரண்டு வருஷத்தில் வரப்போகிற ஐம்பத்து நாலு வயதைப் பற்றி முதன்முறையாக ஒரு ஆளிடம் பேசிவிட்டு வந்தது அவருக்கு இலேசாக இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் வசீம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பஸ் வாலிநோக்கம் விலக்கைத் தாண்டியது. உப்பளத்து வெளிச்சம் முகத்தில் அடிக்க, வெளியே பார்த்தபடியே கேட்டான்.

"மச்சான், அந்தக் கங்கு மேல எவ்வளவு நேரம் நின்னேன்?"

வாவு யோசித்துப் பார்த்தார். மெழுகிச் சொல்லலாம்தான், சொல்லத் தோன்றவில்லை.

"தாளிச்சாவுக்கு நான் ரெண்டு தடவ உப்புப் பாத்தேன். அதுவரைக்கும் நின்னீய."

வசீம் குனிந்து தன் கால்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டான். ஏர்வாடி வரும்வரை விடவில்லை. வீட்டு வாசலில் அம்ரீன் முதலில் கணவன் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். யாருக்குச் சர்க்கரை என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை. அன்று ராத்திரி அண்ணன் வீட்டுக்கு வந்து அழுதாள். கண் வைக்காதீர்கள் என்று சொன்ன வாய் வெந்துபோகட்டும் என்றாள். அப்படியெல்லாம் சொல்லாதே, ஒரு வீட்டில் ஒரு கால் வெந்தது போதும் என்று அவர் அவளைத் தட்டிக்கொடுத்தார்.

விமான டிக்கெட் தள்ளிப்போனது. கம்பெனிக்குக் கடிதம் போய், இரண்டு மாத லீவு கிடைத்தது. வயிற்றில் ஊசி, நேரத்துக்குச் சாப்பாடு, நாள்விட்டு நாள் புண்ணுக்கு மருந்து. விடியற்காலையில் தர்காவிலிருந்து கடற்கரை வரைக்கும் ஒரு குண்டு மனிதரும் ஒரு ஒல்லி மனிதனும் நடப்பதை ஊர் வேடிக்கை பார்த்தது. முதலில் வாவு மட்டும் நடந்தார், வசீம் ஒரு கல்லில் காலை நீட்டி உட்கார்ந்து அவர் எத்தனை சுற்று வந்தார் என்று எண்ணினான். புண் ஆறிய பிறகு கூட நடந்தான். ஊசி போட ஆரம்பித்ததும் தின்ற சோறு உடம்பில் ஒட்டத் தொடங்கியது. கன்னத்து எலும்பு மறைந்தது. தெருவில் பார்த்தவர்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள். என்னப்பா இது, சிக்கென்று ஹீரோ மாதிரி வந்தாயே, அம்மா கைச்சோறு உன்னைக் கெடுத்துவிட்டதே என்றார்கள். வசீம் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. அவனுக்கு விளக்கம் சொல்கிற பழக்கமே போய்விட்டிருந்தது.

புறப்படுகிற நாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மெஹருன்னிசா மறுபடி தராசு கட்டச் சொன்னார். மகன் பயணம் போய் வரவில்லையே, எதற்கு நேர்ச்சை என்று கேட்டவர்களிடம், எங்கிருந்து திரும்பி வந்தான் என்று எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார். கொல்லையில் விறகு தயாராக இருந்தது. அன்றைக்கு வாவு அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அடுப்பைச் சுற்றித் தரையைத் துடைப்பத்தால் இரண்டு தடவை பெருக்கினார். தம் போடும்போது மூடியைச் சுற்றி மண்ணால் ஒரு வரம்பு கட்டப்போவதாகவும் சொன்னார். பண்டாரிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று உதவியாட்கள் முணுமுணுத்தார்கள்.

வசீம் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். காலில் தடித்த, மெத்தென்ற செருப்பு. டாக்டர் எழுதிக் கொடுத்து மதுரையில் வாங்கியது. மெஹருன்னிசா வழக்கம்போல் அதைக் கழற்றச் சொன்னார். மரத்தடியில் காய்ந்த பூவரச இலைகளும் நேற்று யாரோ உடைத்த விறகுச் சிராய்களும் கிடந்தன. வசீம் அவற்றைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"கழத்த மாட்டேம்மா. செருப்போட எடைக்கும் சேத்து அரிசி போடுங்க."

கப்பல் காலத்திலிருந்து வந்த வழக்கம். மாமனார் இருந்திருந்தால் தராசையே அவிழ்த்திருப்பார். மெஹருன்னிசாவின் கண் வாவு பக்கம் போனது. வாவு அடுப்புக் கங்கைக் கிளறிக்கொண்டிருந்தார். மெஹருன்னிசா குனிந்து, மகன் செருப்பின் வார் இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, ஏறு என்றார்.

அறுபத்திரண்டு கிலோ மூட்டைகளுக்கு முள் அசையவில்லை. வசீமின் பலகை கீழேயே கிடந்தது. மெஹருன்னிசா முறத்தில் அரிசியை அள்ளி மறுபலகையில் தானே கொட்டினார். இன்னொரு முறம் கொட்டினார். ஒவ்வொரு முறத்துக்கும் பலகை போதாது என்றது, ஒவ்வொரு தடவை அது போதாது என்றபோதும் அந்தத் தாய்க்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. அறுபத்தெட்டில் முள் நேராக நின்றது. இரண்டு தேக்சாவில் அடங்காது என்று சொல்லி, வாவு மூன்றாவது அடுப்புக்குக் கல் தேடப் போனார்.